போனம்மா

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தெருவில் நான்கு பெயர்கள் இருந்தன. தறிக்காரர்கள் வீட்டில் போனம்மா. கோடி வீட்டுப் பட்டாச்சாரியாருக்கு டெலிபோன் மாமி. அட்டை அடிக்கிற பாய் வீட்டில் போன் ஆப்பா, அதாவது போன் அக்கா. நயினார் வாத்தியார் மட்டும் ஆபரேட்டர் மேடம் என்பார். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. மின்சார அட்டையில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை, அவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அதனால் இங்கேயும் வேண்டாம்.

போனம்மா என்பது வெளியூர்க்காரர் காதில் வேறு மாதிரி விழும். தொண்ணூற்று நான்கில் நாங்கள் மாடியில் குடியேற வந்த அன்று, சாமான் வண்டியை நிறுத்தி வழி கேட்டோம். “போனம்மா வூடா? அதோ, வேப்பமரத்துக்கு எதுத்தாப்புல” என்றாள் ஒரு பெண். செத்துப்போனவள் வீட்டுக்கா குடிபோகிறோம் என்று என் மாமியார் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். உயிரோடு ஓர் அம்மாள் வாசலுக்கு வந்து “இறங்கலாம்” என்று சொன்ன பிறகுதான் இறங்கினார்.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி எங்கள் தெரு. கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஐந்தரைக்குப் பட்டாச்சாரியார் வீட்டில் பாசுரம். ஆறரைக்குத் தறிகள் ஆரம்பிக்கும். எங்கள் எதிர் வரிசையில் மட்டும் ஏழு வீட்டில் தறி. அதில் மூன்று வீட்டில் தெலுங்கில் சண்டை போடுவார்கள், நான்கு வீட்டில் தமிழில். ஒன்பதுக்குப் பாய் புடவை டிசைனுக்கான அட்டைகளில் ஓட்டை போட உட்காருவார். டொக், டொக் என்று மத்தியானத் தொழுகை வரை கேட்கும். மாலை ஐந்தே முக்காலுக்கு நயினார் வாத்தியார் வீட்டில் தட்டுச் சத்தம். அவர்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள், பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். நாங்கள் காபிக்கே அப்போதுதான் பால் வைப்போம்.

இத்தனை வீட்டுக்கும் ஒரே டெலிபோன். அது எங்கள் வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் இருந்தது.

அவர் இருபத்திரண்டு வருஷம் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவர். எல்லா ஊருக்கும் ஜனங்களே நேராக நம்பர் சுழற்றிக்கொள்ளலாம் என்று ஆனதும், அவரை பில் பிரிவில் உட்கார வைத்தார்கள். காகிதத்தோடு பேசத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்ன ஜாதி என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் இது சாதாரண விஷயமில்லை. கத்தரிக்காய்க்காரி முதற்கொண்டு நுணுக்கமாக விசாரித்துப் பார்த்துவிட்டாள். சமையல் வாசனையை வைத்து ஒரு கட்சியும், நெற்றிப் பொட்டை வைத்து ஒரு கட்சியும் இருந்தன. ஹெட்போன் பட்டை அழுத்தி அழுத்தி அவருடைய இடது காதுக்கு மேலே முடி கொஞ்சம் குறைந்திருந்தது. அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

எல்லோரும் ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கு அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள், ஆளைக் கூப்பிட்டு வந்து பேசுவதற்குள் பில் ஏறிவிடும் என்று, விஷயத்தை அவரிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அவர் பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொள்வார். திரும்பப் படித்துக் காட்டுவார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். உள்ளே வரமாட்டார். காபி கொடுத்தால் “டூட்டியில இருக்கேன்” என்பார். “மெசேஜ்” என்று ஆரம்பிப்பார், “முடிஞ்சுது” என்று முடிப்பார். நடுவில் வருவது முழுக்க அனுப்பியவரின் வார்த்தைகள். ஒன்று கூட்டமாட்டார், ஒன்று குறைக்கமாட்டார்.

இது எனக்குத் தெரியவந்தது குடிவந்த பத்தாம் நாள். நான் மாடியில் புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா படியேறி வந்து நின்றார்.

“மெசேஜ். அரக்கோணத்துலேருந்து உங்க அம்மா. ‘அந்தக் கெழவி இன்னா சொன்னாலும் காதுல போட்டுக்காத. நீ வாயத் தொறக்காத. பையனக் கைக்குள்ள வெச்சிக்கோ, அது போதும்.’ முடிஞ்சுது.”

கீரை உருவுகிற கை நின்றது. அவர் டைரியைப் பிரித்தபடியே நின்று, “பதில் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குது” என்றார் என் மாமியார். “அந்தக் கெழவி சொல்லிச்சின்னு சொல்லும்மா. ‘இருபத்தெட்டு வருஷமா நான் கைக்குள்ளதான் வெச்சிக்கினு இருந்தேன். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. உம் பொண்ணாவது பார்க்கட்டும்.’”

எழுதிக்கொண்டு போனார். சனிக்கிழமை அம்மா மறுபடி பண்ணியபோது அதை அப்படியே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாளாம். அதைச் சொல்ல மறுபடி மாடியேறினார். “சிரிச்சாங்க. அரை நிமிஷம்.” அதற்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் வாராவாரம் அவர் மூலமாக என்னைப் பற்றிக் கருத்துப் பரிமாறிக்கொண்டார்கள்.

“ஏங்க்கா, கொஞ்சம் மாத்திச் சொல்லக்கூடாதா?” என்று ஒருதரம் கேட்டேன்.

“எதை?”

“மனசு நோவற மாதிரி இருந்தா…”

“ஆபரேட்டருக்குக் காது உண்டு, வாய் உண்டு. நடுவுல ஒண்ணும் கிடையாதும்மா.”

இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு உருது தெரியாது. ஆனால் பாயின் சம்சாரத்துக்கு ஆம்பூரிலிருந்து அக்கா பண்ணுவாள், அந்த அக்காவுக்குத் தமிழ் பாதிதான் வரும். இவர் கேட்ட ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, அதே ஏற்ற இறக்கத்தோடு போய்ச் சொல்வார். “காய்கு நை ஆயே? அம்மீ ரோஜ் பூச்ரே!” ஏன் வரவில்லை, அம்மா தினம் கேட்கிறாள் என்று அர்த்தமாம். அர்த்தம் தெரியாமலே அக்காவின் அதட்டல் கச்சிதமாக வந்துவிடும். பாயின் சம்சாரம் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரில் இருப்பது அக்காவே என்று நினைத்து அழுதுகொண்டே உருதுவில் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். இவர் பென்சிலை எடுப்பார். “இது பதிலாம்மா? கொஞ்சம் மெதுவா.”

வைகாசி கருட சேவைக்கு முந்தின வாரம் போன் ஓயாது. தெருவில் அத்தனை வீட்டுக்கும் உறவினர் வருவார்கள். “பதினோரு பேர் வர்றோம், காபி மட்டும் போதும்” என்று வீட்டுக்காரம்மா பட்டாச்சாரியார் வாசலில் படித்தார்.

“காபி மட்டும்னு அவா சொன்னாளா, நீங்களா சொல்றேளா?”

“அவங்க சொன்னது.”

“அப்போ இலை பதினஞ்சு வாங்கணும்” என்றார் பட்டாச்சாரியார்.

எதிர்வீட்டுக் கன்னியப்பன் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல நெசவுக்காரர், முன்கோபி. புட்டா போட்ட புடவை என்றால் கடைக்காரர்கள் அவரைத்தான் தேடுவார்கள். ஒருமுறை கடை முதலாளி ஒருவர் அரக்கு பார்டர் கேட்டிருக்க, இவர் பச்சையில் நெய்துவிட்டார். யார் சொன்னது யார் கேட்டது என்று தகராறு. முதலாளி போனில் கத்தினார். வீட்டுக்காரம்மா கன்னியப்பன் வாசலில் போய் நின்று, “மெசேஜ். ‘டேய் சோமாறி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?’” என்று தொடங்கி, நான் எழுதக் கூசுகிற நாலு வார்த்தைகளையும் சொல்லி, “முடிஞ்சுது. பதில் இருக்கா?” என்றார். இருந்தது. முதலாளியின் மூன்று தலைமுறையும் அதில் வந்தது. அதையும் எழுதிக்கொண்டு போய் போனில் சொன்னார். இரண்டு நாள் இது நடந்தது. குளித்து, தலைவாரி, மொடமொடவென்று காட்டன் புடவை கட்டிய ஓர் அம்மாள் தெருவில் நின்று அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக, தெளிவான உச்சரிப்பில் சொன்னதைக் கேட்டுப் பட்டாச்சாரியார் ஓடி வந்தார்.

“மாமி, இதையெல்லாம் நீங்க வாயால சொல்லலாமா?”

“நான் சொல்லலை, சாமி. பட்டுக்கடைக்காரர் சொல்றார்.”

மூன்றாம் நாள் கன்னியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நீ சொல்றப்ப கோவமே வர்லம்மா. ரேடியோவுல நியூஸ் கேக்குற மாரி இருக்குது. வேற நெய்ஞ்சு தர்றேன்னு சொல்லிடு.” அந்தப் பக்கம் முதலாளிக்கும் ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து கன்னியப்பன் எங்கே பேசினாலும், போனம்மாகிட்ட ஒரு வார்த்தை கொடுத்தால் அது ஒரு இழைகூட அறாமல் போய்ச் சேரும் என்பார்.

அந்த நம்பிக்கைதான் பின்னால் வினையாயிற்று.

கன்னியப்பனுக்கு ஒரே பெண், தேவகி. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் அம்மா சகுந்தலாவுடன் ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயது முடிந்த மாதம், ஒரு வியாழக்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று போனவள் வரவில்லை. டைப்ரைட்டிங் கிளாஸில் பழக்கமான பையனாம். ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை. வேறு ஜாதி. என்ன ஜாதி என்பதில் தெருவில் ஐந்து கருத்துகள் இருந்தன. வேறு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வீட்டுக்காரம்மா டைரியோடு அந்த வீட்டுக்குப் போய், “தேவகிக்கு” என்று சொல்லி அவளை வேப்பமரத்தடி வரை கூட்டிவந்து பேசியதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். சகுந்தலாவின் கேள்விக்கு “டைப்ரைட்டிங் பரீட்சை விஷயம்” என்று தேவகிதான் பதில் சொல்வாள். இவர் ஒன்றும் சொல்லமாட்டார். வியாழக்கிழமை எந்த பஸ் என்கிற செய்தியும் அந்த டைரி வழியாகத்தான் போயிருக்கும். கேட்டேன். “மத்தவங்க போன் கால் பத்திப் பேசறதில்லை” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு பெண் வீட்டை விட்டுப் போவது பற்றி ஒருவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லாமல் இருக்க முடியுமா என்று நினைத்தேன்.

எட்டு நாள் கன்னியப்பனின் தறி ஓடவில்லை. எதிர் வரிசையில் ஆறு தறிச் சத்தம்தான். அந்த ஏழாவது இல்லாதது எல்லோர் காதிலும் கேட்டது.

பதினோராம் நாள் தேவகி பேசினாள். கல்யாணம் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லவும், அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு மறுபடி பண்ணுகிறேன். கன்னியப்பன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சகுந்தலாவின் முகத்தில் பதினோரு நாளாக இல்லாத ஏதோ வந்துவிட்டது. அதைக் கன்னியப்பன் பார்த்துவிட்டார்.

அன்று மாலையே தம்பியோடு வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசியது முழுக்கக் கேட்டது.

“எங்க கீறா?”

“மெசேஜ் உங்களுக்கு இல்லை.”

“நான் அவளப் பெத்தவன்மா!”

“தெரியும். மெசேஜ் உங்களுக்கு இல்லை.”

தம்பி முன்னால் வந்தான். “இன்னாண்ணே இதுகிட்டப் போய்ப் பேசிக்கினு. போனப் புடுங்கித் தெருவுல எறிஞ்சா தன்னால சொல்லும்.”

“எறியலாம்” என்றார் வீட்டுக்காரம்மா. “அப்புறம் அவங்க எந்த நம்பருக்குப் பண்ணுவாங்க?”

பிறகு கன்னியப்பன் சொன்னார். “சரி. நான் ஒரு மெசேஜ் குடுக்குறேன். எழுதிக்கோ. ‘அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில போட்டுக்கீறோம். உசுரோட பார்க்கணும்னா ஒடனே பொறப்பட்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.’ ஒரு வார்த்த மாறக் கூடாது.”

எதிர்வீட்டு வாசலில் சகுந்தலா குடத்தைத் துலக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கூடத்திலிருந்து வீட்டுக்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுதினார். படித்துக் காட்டினார். “உங்க பேர்லதானே?” என்று கேட்டார்.

“ஆமா.”

“சரி.”

அவர்கள் போனதும் நான் கீழே இறங்கினேன். திருப்புட்குழியில் தம்பியின் மாமனார் வீட்டில் ஒரு ரூம் ஒழித்துப் பூட்டு வாங்கி வைத்திருப்பதும், அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு ரெண்டாந்தாரத்து மாப்பிள்ளை பேசி முடித்திருப்பதும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“அக்கா, இதச் சொல்லப் போறீங்களா? வந்தா அந்தப் பொண்ணு கதி இன்னா ஆவும்?”

“மெசேஜ் வாங்கிட்டேன். சொல்லித்தான் ஆகணும்.”

“பொய்யின்னு உங்களுக்கே தெரியுது!”

“பொய்யா நெஜமான்னு பார்த்து வாங்கறதுன்னா அன்னிக்கே வேலைய விட்டிருக்கணும்மா.”

நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனும் தம்பியும் அந்த ரூமைத் தயார் பண்ணக் காலையிலேயே திருப்புட்குழிக்குப் போய்விட்டார்கள். செய்தி சொல்லப்படுமா என்ற சந்தேகமே அவருக்கு இல்லை. பத்து மணிக்கு நான் தண்ணீர் கேட்கிற சாக்கில் கூடத்தில் போய் நின்றேன். மணி அடித்தது. எடுத்து, ஆபரேட்டர் வழக்கப்படி முதலில் தன் நம்பரைச் சொன்னார். “தேவகிக்கு ஒரு மெசேஜ் இருக்கு. உங்க அப்பா கொடுத்தது” என்று சொல்லிவிட்டு, டைரியைப் பார்த்து, ஒரு வார்த்தை மாறாமல் படித்தார். “முடிஞ்சுது.”

ரிசீவரிலிருந்து அந்தப் பெண் அலறியது எனக்கே கேட்டது. பிறகு அழுகைக்கு நடுவே ஏதோ கேட்டாள். அவர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார்.

“லைன்ல இருங்க” என்றார்.

ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். ஓடவில்லை, வழக்கமான நடைதான். எதிர்வீட்டு வாசலில் நின்று, “சகுந்தலா, உங்களுக்குக் கால்” என்றார்.

சகுந்தலா அதுவரை போனைத் தொட்டதில்லை. மாவுக் கையோடு வந்து ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தாள். இவர் திருப்பி வைத்தார்.

“ஏமா… தேவகி… ஐயோ, அழாதடி. எனக்கு ஒண்ணுமில்ல. குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினு கீறேன். ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி? மாவு பெசைஞ்சிக்கினு இருந்தேன்டி.” அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரல் இறங்கியது. “வராத. கேக்குதா? அப்பா கூப்ட்டாலும் வராத. நானே கூப்ட்டாலும் வராத.”

வீட்டுக்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “மூணு நிமிஷம்” என்றார். சற்றுப் பொறுத்து, “எக்ஸ்டென்ட் பண்ணிக்கறீங்களா?” என்று பழைய டிரங்க் கால் பழக்கத்தில் கேட்டார்.

“ஊம்” என்றாள் சகுந்தலா.

மாலையில் கன்னியப்பன் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. பாய் டீ கிளாஸோடு வந்தார். பட்டாச்சாரியார் வந்தார். நயினார் வாத்தியார் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு வந்தார்.

“நான் சொன்னத சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன்.” டைரியைத் திறந்து காட்டினார். செய்தியின் கீழே நேரம் போட்டு டிக் அடித்திருந்தது. “பத்து நாலு.”

“அப்புறம் சகுந்தலாவ யாரு கூப்ட்டது?”

“அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுது. ‘நெஜமா’ன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. யார்கிட்ட இருக்கோ அவங்களைக் கூப்பிட்டேன்.”

கன்னியப்பன் டைரியை வாங்கிப் பார்த்தார். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. தம்பிக்கு அந்தச் சிரமம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த நெசவுக் கத்தரியால் ஒயரை அறுத்துவிட்டான்.

“அரே, இன்னாப்பா பண்ட்ட!” என்று பாய் கத்தினார். “எம் மச்சான் சவூதிலேருந்து இதுலதான்பா பேசுவான்.”

“என் பொண்ணு டெல்லிலேர்ந்து இதுலதான் பண்றா” என்றார் பட்டாச்சாரியார். “நிறைமாசம் அவளுக்கு.”

பாயும் பட்டாச்சாரியாரும் ஒரே பக்கம் நின்று சத்தம் போட்டதை அன்றுதான் பார்த்தேன். தெலுங்கு வீட்டுப் பெண்கள் தெலுங்கில் சேர்ந்துகொண்டார்கள். கன்னியப்பன் எல்லோர் முகத்தையும் பார்த்தார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் கழித்து லைன்மேன் வந்து ஒட்டுப் போட்டார். புகார் புத்தகத்தில் காரணம் கேட்டதற்கு, “ஒயர் அறுந்தது” என்று எழுதச் சொன்னார் வீட்டுக்காரம்மா. கன்னியப்பன் சகுந்தலாவோடு நாற்பது நாள் பேசவில்லை. அதைத் தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சகுந்தலா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் தெருவைக் கடந்து வர ஆரம்பித்தாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சகுந்தலாவுக்குப் பதிலாகக் கன்னியப்பன் வந்து கூடத்தில் நின்றார்.

“அதுக்கு ஜொரம். வர முடியலன்னு சொல்லணும்.”

வீட்டுக்காரம்மா நாற்காலியைக் காட்டினார். கன்னியப்பன் உட்கார்ந்தார். மணி அடித்தது. இவர் எடுத்துச் சொன்னார். “உங்க அம்மாவுக்கு ஜுரமாம். வர முடியலையாம். அப்பா சொல்லச் சொன்னார்.” கேட்டுக்கொண்டார். கன்னியப்பன் பக்கம் திரும்பினார். “நெஜமான்னு கேக்கறாங்க.”

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “இந்தத் தபா நெஜம்னு சொல்லு.”

“இந்தத் தடவை நெஜமாம்.”

கன்னியப்பன் எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். “சாப்ட்டாளான்னு கேளு.”

“அப்பா கேக்கறார். சாப்டீங்களா?” கேட்டார். “சாப்டாங்களாம். ரசமும் அப்பளமும்.”

“வெறும் ரசமா?”

“வெறும் ரசமான்னு கேக்கறார்.”

அடுத்த ஞாயிறு சகுந்தலாவுக்குக் குணமாகிவிட்டது. ஆனாலும் பின்னாலேயே அவரும் வந்தார். சகுந்தலா பேசி முடித்ததும் ரிசீவரை வீட்டுக்காரம்மா வாங்கிக்கொள்வார், அடுத்து கன்னியப்பன் முறை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ரிசீவர். கன்னியப்பனின் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும், தேவகிக்குக் கேட்காதா? இருந்தாலும் அவர் இவரிடம் சொல்வார், இவர் அவளிடம் சொல்வார், அவள் சொன்னதை இவர் திருப்பிச் சொல்வார். தேவகிக்குப் பிள்ளை பிறந்தது, என்ன பெயர், பால் சரியாகக் குடிக்கிறதா, மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறியது எல்லாம் இப்படித்தான். மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கன்னியப்பன் முதலில் சொன்னபோது வீட்டுக்காரம்மா, “மாப்பிள்ளைன்னே சொல்லட்டுமா?” என்று உறுதி செய்துகொண்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சொல்லு” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வந்தார். சகுந்தலா உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு புடவைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தேன்.

“எழுதிக்கோம்மா” என்றார். “‘அன்னிக்கி நான் சொன்னது பொய்யி. பெத்த பொண்ண அப்புடிக் கூப்ட்டிருக்கக் கூடாது. வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேனோ, நெனச்சா எனக்கே பயமா இருக்குது. மன்சுல வெச்சிக்காத.’”

பென்சில் சத்தம் நின்றது. டைரியை மூடுகிற சத்தம் கேட்டது.

“இதை எடுத்துக்க முடியாது.”

“இன்னா?”

“இந்த மெசேஜை நான் எடுத்துக்க முடியாது. நீங்கதான் சொல்லணும்.”

“இன்னாம்மா இது? எனக்கு அவகிட்டப் பேச வாய் வர்லன்னுதானே ஒங்கிட்ட வர்றேன். இன்னான்னாவோ சொல்லியிருக்க நீ. இத ஒண்ணு சொல்ல மாட்டியா?”

“மாட்டேன்.”

மணி அடித்தது. எடுத்தார். நம்பரைச் சொன்னார். ரிசீவரைக் கன்னியப்பன் கையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். வந்து எனக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டார். அவர் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ஏதோ ஒரு குரல், பேச்சா அழுகையா என்று பிரிக்க முடியாதபடி.

“இன்னாக்கா சொல்றாரு?” என்றேன்.

“நான் கேக்கலை” என்றார்.

கொஞ்சம் கழித்து, தெருவைப் பார்த்துக்கொண்டே, “நீயும் கேக்காத” என்றார்.